247-ஆம் எண் இன்னும் எழுதுகிறது

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி ஆனால் போதும், கங்கையம்மாளின் போனுக்குப் பயிற்சி மையத்திலிருந்து மெசேஜ் வந்துவிடும். ‘தங்கள் மகள் சுகாசினி, எண் 247, இன்றைய தேர்வில் எண்பதுக்கு அறுபத்தெட்டு.’ அடுத்த வாரம் எழுபத்தொன்று. அதற்கும் அடுத்த வாரம் எழுபது. பெற்ற வயிறு குளிர வேண்டிய சேதிதான். என்ன செய்வது, சுகாசினியைத் திருமுக்கூடலில் வெள்ளம் அடித்துக்கொண்டு போய் நாலு மாதம் ஆகிறதே!

கார்த்திகை மழையில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றாகப் புரண்டு வந்த நாள். தோழிகளோடு கோயிலுக்குப் போன பெண், கால் நனைக்கலாம் என்று கரையில் இறங்கினாள். தீயணைப்புக்காரர்கள் ஆறு நாள் தேடினார்கள். உடம்பு கிடைக்கவில்லை. கண்ணால் பார்க்காத சாவை எந்தத் தாய் ஒப்புக்கொள்வாள்? உறவுக்காரர்கள் காரியம் செய்ய வேண்டும் என்று வந்தபோது, கங்கையம்மாள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அவர்களைத் தெருமுனை வரைக்கும் விரட்டினாள்.

துப்பறியும் நாமகிரியின் ஆபீசுக்கு அவளைக் கூட்டிவந்தவன் தேவசகாயம். ஐயம்பேட்டை ரூட்டில் பதினெட்டு வருஷம் ஷேர் ஆட்டோ ஓட்டியவன். இப்போது நாமகிரிக்கு உதவியாளன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பழைய தொழில். வாய் ஓயாத ஆள். இன்றைக்கு என்னமோ மூலையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண்களை அன்றைக்குத் திருமுக்கூடலில் இறக்கிவிட்டது அவன் ஆட்டோதான். ‘அரை மணி நேரத்துல வந்துருவோம் அங்கிள்’ என்று சொல்லிவிட்டுப் போன குரல் இன்னும் அவன் காதை விட்டுப் போகவில்லை.

“எம் பொண்ணு எங்கியோ இருக்குறாமா,” என்றாள் கங்கையம்மாள். ஏனாத்தூரில் ஒரு ஹாஸ்டல் மெஸ்ஸில் சமையல் வேலை செய்கிறவள். சமையல்கட்டிலிருந்து நேரே வந்திருந்தாள், கையில் மஞ்சள் கறை. “தலையில அடிபட்டு வூட்டு வழி மறந்துட்டா. பரீட்சை மட்டும் மறக்கல. வந்து எழுதிட்டு எழுதிட்டுப் போறா. ஒம்பது வாரமா போறா. இன்னிக்குப் பத்தாவது. அவளைக் கண்டுபுடிச்சுக் குடுமா.”

நாமகிரி அவளையே பார்த்தாள். சின்ன காஞ்சிபுரத்துக்காரி, சென்னையில் பதினாலு வருஷம் நுழைவுத் தேர்வுகளுக்குக் கேள்வித்தாள் தயாரித்துவிட்டு ஊர் திரும்பியவள். ‘மனுஷா எங்கே தப்புப் பண்ணுவான்னு யோசிச்சுத்தான் நாலு விடை எழுதுவோம். துப்பறியறதும் அதே வேலைதான், சம்பளம்தான் கம்மி’ என்பாள்.

“ஒருவேளை உங்க பொண்ணு இல்லேன்னு தெரிஞ்சா?” என்று கேட்டாள்.

“அப்ப வேற யாருன்னு சொல்லு. அதையும் கேட்டுட்டுப் போறேன்.”

“வாங்கோ, போகலாம்.”

பயிற்சி மையத்தில் தேர்வு இரண்டு மணிக்கு. அவர்கள் போனபோது பன்னிரண்டரை. ஆபீஸ் அறையில் விடைத்தாளைப் படிக்கும் ஸ்கேனர் இருந்தது. அதன் தலையில் குங்குமம் தடவிய ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது.

“ஏம்பா, மெஷினுக்கு ஜூஸ் போட்டுக் குடுப்பீங்களா?” என்று கேட்டான் தேவசகாயம். வாய் அவன் பேச்சைக் கேட்காமல் தானே பேசிவிடும்.

“சிரிக்காத,” என்றான் ஸ்கேனரைப் பார்த்துக்கொள்ளும் கண்ணாயிரம். “அந்த நம்பர் முதல் தடவ ஸ்க்ரீன்ல வந்தப்போ நான்தான் தனியா உக்காந்துக்கினு இருந்தேன். கை காலெல்லாம் வெடவெடன்னு ஆயிருச்சு. அதுலேர்ந்து வாரம் ஒரு பழம்.”

“ஆவியா இருந்தா எண்பதுக்கு எழுபத்தொண்ணு வாங்குமா? நான் உயிரோட இருந்தே பதினெட்டைத் தாண்டுனது இல்ல.”

மையத்தை நடத்தும் முரளீதரன் உள்ளே வந்தார். கங்கையம்மாளைக் கண்டதும் முகம் கறுத்துப்போயிற்று. வருஷம் முழுக்கச் சேர்ந்த பெண், பெயரை எடுக்க மனசு வரவில்லை, அப்படியே விட்டுவிட்டேன் என்றார். யாராவது விஷமம் செய்கிறார்களா என்று ஹாலில் இரண்டு வாரம் அவரே நின்று பார்த்தாராம். ஒன்றும் தெரியவில்லை. “ஆனா ஒண்ணு. மெஷின் பொய் சொல்லாது. 247-னு தாள்ல இருக்கு, அது 247-னு படிக்கறது.”

“மெஷின் பொய் சொல்லாதுதான்,” என்றாள் நாமகிரி. “கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். அந்தத் தாளெல்லாம் எடுங்கோ.”

ஒன்பது தாள்களும் வந்தன. பெயர் எழுதும் இடமே இல்லை. பெயர் இருந்தால் திருத்துகிறவர்களுக்கு வேண்டியவர் வேண்டாதவர் வந்துவிடும் என்பது முரளீதரனின் கொள்கை. மேலே எண்ணுக்காக மூன்று பத்தி, பத்திக்குப் பத்து வட்டம், ஒன்றின்கீழ் ஒன்றாக. ஒவ்வொரு பத்தியிலும் ஒரு வட்டம் கறுப்பாக்கப்பட்டிருந்தது. அதற்குக் கீழே எண்பது கேள்விக்கும் விடை வட்டங்கள்.

“எந்த வட்டம் எந்த எண்ணுன்னு பசங்களுக்கு எப்படித் தெரியும்? எண்ணே போடலையே?”

கண்ணாயிரம் தலையைச் சொறிந்தான். “ஓரத்துல இருந்துச்சு மேடம். பிரஸ்ல கட்டிங் பண்ணப்போ ஓரத்தோட போயிருச்சு. ஐயாயிரம் தாள், தூக்கிப் போட முடியுமா? மேல ஜீரோ, கடைசியில ஒம்பதுன்னு ஜூன் மாசமே மைக்ல சொல்லிட்டோம்.”

“ஹால்ல ஆஜர் எடுக்கறது உண்டா?”

“தாள்தான் ஆஜர். தாள் வந்தா வந்தாங்க, வரலேன்னா ஆப்சென்ட். வூட்டுக்கு மெசேஜ் போயிரும்.”

“போன வாரம் எத்தனை தாள் குடுத்தீங்க? எத்தனை திரும்பி வந்தது?”

நோட்டைப் புரட்டினான். “தலைக்கு ஒண்ணா இருநூத்தி எண்பது குடுத்தோம். இருநூத்தி எண்பது வந்துச்சு. குறையவும் இல்ல, கூடவும் இல்ல.”

நாமகிரி அதைக் குறித்துக்கொண்டாள். ஒரு தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். “தேவசகாயம், இதைப் பாருங்கோ. இந்த வட்டத்தை ரொப்பியிருக்கற விதத்தைப் பாருங்கோ.”

அவன் பார்த்தான். சாதாரணமாகப் பிள்ளைகள் வட்டத்தைச் சுழற்றிச் சுழற்றித்தானே கறுப்பாக்கும்? இதில் பேனா இடமும் வலமுமாக நேர்க்கோடு இழுத்திருந்தது. வட்டத்துக்கு வெளியே நாலு மூலை முளைத்திருந்தது. எண்பது வட்டமும் எண்பது கட்டம்.

கங்கையம்மாள் எட்டிப் பார்த்தாள். அடுத்த நொடி தாளைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“எம் பொண்ணு கைதான்! ஐயோ, இது எம் பொண்ணு கைதாம்பா! ஸ்கூல் விட்டு வந்து கல்யாணசுந்தரம் ஐயா வூட்ல சேலை டிசைனுக்கு கிராஃப் ரொப்புவா. கட்டம் கட்டமா ரொப்பி ரொப்பி அவ கையே அப்பிடி ஆயிருச்சு. வட்டத்தக்கூட இப்பிடித்தான் போடுவா. தேவா, நீ பாத்திருக்கல்ல? சொல்லுப்பா!”

தேவசகாயத்துக்கும் அது தெரிந்த கைதான். ஆட்டோவில் போகும்போதுகூட அந்தப் பெண் நோட்டைத் தொடையில் வைத்துக் கட்டம் ரொப்பிக்கொண்டே வருவாள். அவன் எத்தனையோ நாள் கிண்டல் செய்திருக்கிறான். அவள் உயிரோடு இருந்துவிட்டால்! அப்படி நினைத்ததுமே அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. கர்த்தரே, இருக்கட்டும், எங்கேயாவது இருக்கட்டும் என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டான்.

“நான் இங்கியே வாசல்ல நிக்கிறேன்,” என்றாள் கங்கையம்மாள். “இன்னிக்கு வருவா இல்ல? எம் பொண்ணு எனக்குத் தெரியாதா?”

அவளை அங்கே விட்டுவிட்டு இருவரும் ஐயம்பேட்டைக்குப் போனார்கள். வழி நெடுகத் தேவசகாயம் ஒரு பேச்சும் பேசவில்லை. அவன் பேசாமல் ஆட்டோ ஓட்டியது அன்றைக்குத்தான் முதல் தடவை என்று நாமகிரி பிறகு சொன்னாள்.

கல்யாணசுந்தரம் பட்டுச் சேலைக்கு டிசைன் போடுகிறவர். கிராஃப் தாளில் ஒரு கட்டம் என்றால் சேலையில் ஒரு இழைச் சந்திப்பு. எந்தக் கட்டம் கறுப்போ அதைப் பார்த்துத்தான் அட்டையில் ஓட்டை போடுவார்கள். அந்த அட்டை சொன்னபடி தறி இழையைத் தூக்கும். கண் நல்லதாக உள்ள பிள்ளைகள் சாயங்காலம் வந்து அவருக்குக் கட்டம் ரொப்பிக் கொடுப்பார்கள்.

“சுகாசினி கடைசியா போட்டது இதுதாம்மா,” என்று ஒரு பெரிய தாளை விரித்தார். முந்தானைக்கான அன்னம். “இந்தக் கழுத்து வரைக்கும் அந்தப் பொண்ணு. மறுநாளு ஞாயித்துக்கெழமை. ஆத்துக்குப் போயிட்டா.”

தேவசகாயம் குனிந்து பார்த்தான். அன்னம் முழுசாக இருந்தது. கழுத்து, அலகு, கண் எல்லாம். “ஐயா... கழுத்துக்கு மேல யாரு போட்டது?”

“வேற பொண்ணு. இவளுக்கு அப்புறம் ஆறு வாரம் அப்பிடியே கிடந்துச்சு, தொட யாருக்கும் மனசு வரல. பொங்கலுக்கு அப்புறம் சிம்ரன்னு ஒரு பொண்ணு சேந்துச்சு. எங்க கோடு மாறுதுன்னு சொல்லு பாப்போம்? சொல்ல முடியாது. எங்கிட்ட கத்துக்கினவங்க கை எல்லாம் ஒரே கைதான்.”

நாமகிரி கேட்டாள்: “அந்த சிம்ரன் எங்கே படிக்கறா?”

“ஸ்கூலு எதுன்னு தெரியாது. இவ போன அதே சென்டருக்குத்தான் போவுது. நான்தான் அந்த வாத்தியார்கிட்ட சொல்லி இலவசமா சேத்து வுட்டேன். இன்னிக்கும் டெஸ்ட்னு லீவு கேட்டுக்கினு போச்சு.”

தேவசகாயத்துக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. தாயின் வயிற்றெரிச்சலில் விளையாடுகிற பெண் ஒருத்தி! செத்தவள் இடத்தில் உட்கார்ந்து, செத்தவள் கிராஃபை முடித்து, செத்தவள் நம்பரில் பரீட்சையும் எழுதுகிறாளா? “மேடம், கிடைச்சுது பாருங்க. வாங்க, அந்தப் பொண்ண நாலு வார்த்தை கேட்டாத்தான் என் மனசு ஆறும்.”

“கொஞ்சம் இருங்கோ,” என்றாள் நாமகிரி. அவள் பார்வை அன்னத்தின் மேல் இல்லை. தாளின் ஓரத்தில் இருந்தது. “ஐயா, வரிசை எண் ஏன் அடியில ஒண்ணுன்னு ஆரம்பிச்சு மேலே போறது?”

கல்யாணசுந்தரம் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். “பின்ன? நெய்யறவன் மடியாண்டதானே முதல் இழை வுழும்? அங்கேர்ந்துதானே சேலை வளரும்? கிராஃப்ல அடிக் கோடுதாம்மா ஆரம்பம். எங்க பிள்ளைங்க மேலேர்ந்து எண்ணாதுங்க. அப்பிடி எண்ணுச்சுன்னா அன்னம் தலைகீழா தொங்கும்.”

நாமகிரி நோட்டை மூடினாள். முகத்தில் ஜெயித்த களை ஒன்றும் இல்லை. யாரையோ பறிகொடுத்தவள் மாதிரி இருந்தாள். “ஆட்டோவை எடுங்கோ, தேவசகாயம். டெஸ்ட் முடிய அரை மணிதான் இருக்கு.”

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மையத்து வாசலில் ஒரே சத்தம். லோடு வேன் ஓட்டும் தினகரன் என்பவர் முரளீதரனிடம் கையை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

“ஒம்பது வாரமா ‘உங்க பொண்ணு ஆப்சென்ட், ஆப்சென்ட்’னு மெசேஜ் வந்துக்கினே இருக்குது. கேட்டா எழுதுனேன் எழுதுனேன்னு சாதிக்குது. சனிக்கெழமை சனிக்கெழமை எங்க ஊர் சுத்துதோ, யார் கண்டா? போதும் சார். இன்னியோட நிறுத்திடறேன். ஸ்கூலும் வாணாம், ஒண்ணும் வாணாம். சித்தப்பன் கம்பெனியில பேக்கிங் வேலைக்குப் போவட்டும்.”

மணி அடித்தது. பிள்ளைகள் வெளியே வர ஆரம்பித்தார்கள். கேட்டை ஒட்டி நின்ற கங்கையம்மாள் ஒவ்வொரு பெண்ணின் முகமாகப் பார்த்தாள். இரட்டைப் பின்னல், கண்ணாடி போட்டது, குள்ளம், உயரம், ஒன்றையும் விடவில்லை. நூறு பெண் போனது. கூட்டம் வடிந்துவிட்டது. அவள் இன்னும் ஹால் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேவசகாயத்தால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

கடைசியாக ஒரு ஒல்லிப் பெண் வந்தது. தகப்பனைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டது.

“நீதானே சிம்ரன்?” நாமகிரி ஒரு வெற்றுத் தாளையும் பேனாவையும் கொடுத்தாள். “உன் நம்பர் என்னம்மா?”

“ஏழு அஞ்சு ரெண்டு, மிஸ். ஏழாவது பேட்ச், பொங்கலுக்கு அப்புறம் சேந்தது.”

“அதை இதிலே போட்டுக் காட்டு.”

பெண் தாளைச் சுவரில் வைத்தது. முதல் பத்தியின் அடிவட்டத்தில் விரலை வைத்து, உதடு அசைய, பூஜ்யத்திலிருந்து எண்ணிக்கொண்டே மேலே ஏறியது. ஏழில் நின்று, இடமும் வலமுமாகக் கோடு இழுத்து, நாலு மூலையோடு ரொப்பியது. பிறகு ஐந்து. பிறகு இரண்டு.

“கண்ணாயிரம், உங்க மெஷின் படிக்கற மாதிரி மேலேர்ந்து படிங்கோ.”

கண்ணாயிரம் விரலை மேல்வட்டத்தில் வைத்து இறங்கினான். “ஜீரோ, ஒண்ணு, ரெண்டு... ரெண்டு மேடம். அடுத்தது... நாலு.” மூன்றாவது பத்தியில் விரல் மெதுவாக இறங்கி நின்றது. “ஏழு.”

முரளீதரன் தாளை வாங்கித் தானும் ஒரு தடவை மேலிருந்து எண்ணிப் பார்த்தார்.

“ஆவி எழுதியிருந்தா ஒரு தாள் கூடியிருக்கணும்,” என்றாள் நாமகிரி. “கூடலை. அப்போ உயிரோட இருக்கற யாரோ ஒருத்தர் கணக்கிலே விட்டுப்போயிருக்கணும். ஜூன்ல மைக்ல சொன்னது ஜனவரியில வந்தவளுக்கு எப்படித் தெரியும்? அவ ஊர் வழக்கப்படி எண்ணினா. எண்பது விடையும் அவளோடது. எண் மட்டும் தலைகீழாப் போய், இன்னொரு பொண்ணு பேர்ல விழுந்துடுத்து.”

“நான் வந்து சொன்னேனே சார்!” என்று சிம்ரன் அழ ஆரம்பித்தது. “மூணு வாட்டி சொன்னேன். ஒழுங்கா ஷேட் பண்ணுன்னு திட்டி அனுப்பிட்டாங்க. யாருமே நம்பல.”

தேவசகாயம் கூசிப்போனான். இந்தக் குழந்தையையா நாலு வார்த்தை கேட்கக் கிளம்பினோம்? ஒன்பது வாரம் எல்லார் கண்முன்னாலும் உட்கார்ந்து எழுதிவிட்டுப் போயிருக்கிறது, ஒரு பிராணிக்குத் தெரியவில்லை. இவள்தான் ஆவி மாதிரி இருந்திருக்கிறாள். அப்படியென்றால் அந்த இன்னொருத்தி? அவனுக்கு அதற்குமேல் நினைக்கத் தெம்பு இல்லை.

ஆனால் தினகரன் அசைவதாக இல்லை. “நல்லா கதை வுடறீங்க. பொண்ணு அழுதா நம்பிடணுமா? அந்த மார்க்கெல்லாம் வேற பொண்ணு பேர்ல இருக்குதுன்றீங்க. அப்ப அந்தப் பொண்ணு எழுதி வாங்குனதுதானே? அடுத்தவன் வூட்டு மார்க்க எங்க வூட்டுக்குன்னா எப்பிடி? அந்தப் பொண்ணு பெத்தவங்க வந்து சொல்லட்டும், எங்க பொண்ணு எழுதலன்னு. அப்ப ஒத்துக்கறேன்.”

நாமகிரி தரையைப் பார்த்தாள். இதற்கு யார் பதில் சொல்ல முடியும்? அந்தப் பதிலைச் சொல்லக்கூடிய ஒரே மனுஷி கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் போய் எந்த வாயால் கேட்பது?

கேட்கவே வேண்டியிருக்கவில்லை. கங்கையம்மாள் தானே நடந்து வந்தாள். சிம்ரனின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அதன் வலது கையை எடுத்துப் புரட்டி, ஆள்காட்டி விரலில் மை படிந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள். தன் போனைத் திறந்து தினகரனின் கையில் வைத்தாள்.

“படிப்பா. அறுபத்தெட்டு, எழுபத்தொண்ணு, எழுபது... ஒம்பதும் இருக்குது. ஒண்ணையும் அழிக்கல. எல்லாம் உன் பொண்ணு மார்க்கு.”

“நீங்க...?”

“பெத்தவ வந்து சொல்லணும்னு கேட்டல்ல? நான்தான். எம் பொண்ணு எழுதல.” அவள் குரல் உடையவில்லை, அதுதான் கேட்பவர்களுக்குத் தாங்க முடியவில்லை. “எம் பொண்ணு செத்துட்டாபா. கார்த்திகையில ஆத்துல போயி செத்துட்டா. உம் பொண்ணு உயிரோட இருக்குது. அதைப் போயி பேக்கிங்குக்கு அனுப்பறேன்றியே!”

தினகரன் போனைப் பிடித்தபடியே நின்றார். எண்களை ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு மகளின் தலையில் கையை வைத்தார்.

தேவசகாயம் ஆட்டோவின் பின்னால் போய், படியில் உட்கார்ந்து, சட்டைத் துணியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். நாலு மாதமாக அழ வேண்டிய அழுகை. நாமகிரி பக்கத்தில் வந்து நின்றாள்.

கண்ணாயிரம் தயங்கித் தயங்கி முரளீதரனிடம் கேட்டது அங்கே நின்ற எல்லாருக்கும் கேட்டது. “சார், அந்த 247-ஐ... லிஸ்ட்லேர்ந்து எடுத்துடட்டுமா?”

முரளீதரன் கங்கையம்மாளைப் பார்த்தார். எல்லாருமே அவளைத்தான் பார்த்தார்கள்.

“எடுத்துடுப்பா,” என்றாள் அவள். “எவ்ளோ நாளுதான் எழுதிக்கினே இருப்பா, பாவம்.”